கிளுவையா, முள்ளா

வேலி போடுவது பற்றி என் கருத்தைக் கேட்டு நம் நகரிலிருந்து இதுவரை மூன்று பேர் வந்துவிட்டீர்கள். வேலையில் இருந்த காலத்தில் யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை, கையெழுத்துதான் கேட்டார்கள். ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியருக்கு இவ்வளவு மரியாதை உண்டு என்று தெரிந்திருந்தால் சீக்கிரமே ஓய்வு பெற்றிருப்பேன்.

பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதும் ஊரைச் சுற்றி இருந்த சோளக்காடெல்லாம் மனையானது. நாமும் சேமநல நிதியைக் கொண்டுபோய் அதில் கொட்டினோம். இடையில் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், பிறகு பழையபடி சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப் போவதாகப் பேச்சு. மாவட்ட எல்லையே இப்படிப் போய் வந்துகொண்டிருக்க, நம் மனையின் எல்லை மட்டும் நாம் போட்ட இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். தப்பில்லை.

கல்கால் நட்டு முள்கம்பி கட்டலாம். கம்பி துருப்பிடிக்கும், கால் நிற்கும். வலைக்கம்பி பார்வைக்கு நன்றாக இருக்கும், பழைய இரும்புக்காரனுக்கும் நன்றாக இருக்கும். சிமெண்ட் பலகைகளைக் கொண்டுவந்து ஒரே நாளில் சொருகிவிட்டுப் போகிறார்கள். அதுவும் சரி. தலைமையாசிரியராக இருந்தவர் செம்பருத்தி வைக்கலாம் என்கிறார். பூப்பறிக்க வருகிறவர்களோடு தினமும் சண்டை போடும் தெம்பு இருந்தால் வைக்கலாம். எதைப் போட்டாலும் முதலில் அளவைக்கு மனுக் கொடுங்கள். பக்கத்து மனைக்காரருக்கு அறிவிப்புப் போகட்டும், அவர் முன்னிலையில் அளந்து கல் ஊன்றட்டும், பிறகு வேலி. நாம் வேலியைப் போட்டுவிட்டு அளக்கக் கூப்பிடுகிறோம், அதனால்தான் நீதிமன்றங்களில் கூட்டம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு 'இப்போதைக்கு' என்று சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும். நமக்கும் வேறு வேலை இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அரியலூருக்கு மேற்கே, கரிசல் மண்ணில், எங்கள் காட்டிலேயே வீடு. இரண்டு வீடுகள். எங்களுடையது ஓட்டு வீடு, சித்தப்பாவுடையது கூரை வீடு. இரண்டுக்கும் நடுவில் கிணறு. தாத்தா இறந்த பிறகு அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தை வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் இல்லை, அளவை இல்லை, புல வரைபடத்தில் உட்பிரிவு இல்லை. கிணற்றின் நடுவிலிருந்து கிழக்கே ஒரு கோடு, மேற்கே ஒரு கோடு. வடக்கு எங்களுக்கு, தெற்கு அவர்களுக்கு. சித்தப்பா ஒரு மழைக்காலத்தில் ஈரத்தோடு ஈரமாக அந்தக் கோட்டைக் காலாலேயே மிதித்து வரப்பாக்கினார். கரிசலில் வரப்பு மழைக்குக் கரையும், கோடைக்கு வெடித்துப் பிளக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருந்தவரை அதை யாரும் கவனிக்கவில்லை.

சித்தப்பா மஞ்சள் காமாலையில் போனார். சித்திக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். அவர்களின் மகன், என் தம்பிக்கு நாலு. அடுத்த உழவில் சித்தப்பா மிதித்த வரப்பு எங்கள் ஏருக்குள் வந்துவிட்டது. மாடு திரும்ப இடம் போதவில்லை என்று எங்கள் ஆள் சொன்னான். அப்பா அதைத் திருத்தவில்லை. சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் நான் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"பாப்பா, இவன் மீச மொளச்சு வந்து நம்ம காடு எதும்மான்னு கேப்பான். நான் அப்ப இருக்கேனோ, இல்லியோ. கைய காட்டறதுக்கு ஒரு வேலி இருக்கணும்ல."

"முள்ளு வெட்டிப் போட்டா வேலிதானே சித்தி."

"முள்ளு வேலியில்ல. முள்ளு வெறகு."

சித்திக்கும் அப்பாவுக்கும் இடையில் நான்தான் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு, அதாவது கணவனின் அண்ணனோடு, நேராகப் பேசக்கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கடந்து நடக்கக்கூடாது. பேச வேண்டியது இருந்தால் ஒரு குழந்தையிடம் சொல்ல வேண்டும், குழந்தை அதை அவரிடம் சொல்லும். என் அண்ணன் அரியலூரில் விடுதியில் தங்கிப் படித்தான். ஆகவே குழந்தை நான். அம்மா அந்த வேலைக்கு வரமாட்டாள். "ரெண்டு கல்லுக்கு நடுவுல நான் எதுக்கு வெரல வெக்கணும்" என்பாள்.

இப்படித்தான் நடக்கும். அப்பா வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார். சித்தி சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

"பாப்பா, ஆடு கம்பங்காட்டுல எறங்கிடுச்சுன்னு உங்கப்பாருகிட்ட சொல்லு."

அப்பாவுக்கு இது நன்றாகக் கேட்டிருக்கும். ஆனாலும் கயிற்றை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.

"அப்பா, ஆடு கம்பங்காட்டுல எறங்கிடுச்சாம்."

"யாரு ஆடுன்னு கேளு."

நான் திரும்புவதற்குள் சித்தி பதில் சொல்லிவிடுவாள். அப்பா அதையும் கேட்காதவர்போல மறுபடி என்னைப் பார்ப்பார். அரசாங்கத்தில் இதற்கு 'உரிய வழியாக' என்று பெயர். பிற்காலத்தில் என் பிழைப்பே அதுவாகிப்போனது.

மாசி முடியும்போது சித்தி வேப்பந்தட்டைப் பக்கம் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வரச்சொல்லியிருந்த நாளில் நான் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பஸ்ஸின் மேலிருந்து ஆளுயரக் கட்டு ஒன்றை இறக்கினார்கள். கண்டக்டர் சிரித்தான்.

"என்னம்மா, பொறந்த வூட்டு சீரு வெறகுதானா?"

"ஆமாங்க. மொளைக்கிற வெறகு. ஒங்க ஊர்ல கெடைக்காது."

கிளுவைக் கழிகள். நட்டால் வேர் பிடித்து உயிர்வேலியாகும் மரம். கட்டின் ஒரு முனையை அவள் தலையில் வைத்துக்கொண்டாள், மறுமுனை என் தலையில் சும்மாட்டின்மேல். வெட்டுவாயிலிருந்து பிசின் கசிந்து என் தலைமுடியில் ஒட்டியது. மாங்காய்க் காம்பை ஒடித்தால் வருமே, அதோடு கொஞ்சம் சாம்பிராணி சேர்ந்ததுபோல ஒரு வாசனை. இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. எனக்குப் போக வேண்டும் என்றும் இல்லை.

வழியெல்லாம் சித்தி பேசிக்கொண்டே வந்தாள். வெட்டுவாய் காய நிழலில் சாத்தி வைக்க வேண்டும். பிறகு நெருக்கி நட வேண்டும். கோடை மழையில் ஒன்று விழுந்தால் போதும், வேர் விட்டுவிடும். ஒன்றோடு ஒன்று பின்னி விட்டால் கோழிக்குஞ்சுகூட நுழையாது. அவள் அண்ணன் வீட்டுக் கிளுவையை நட்டது யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம், ஆனால் எல்லை எதுவென்று எல்லோருக்கும் தெரியுமாம்.

கட்டு வாசலில் இறங்கியதை அப்பா பார்த்தார்.

"என்னா அது?"

"கிளுவையாம்ப்பா. வேலிக்காம்."

"கிளுவைய ஆடு தின்னுட்டுப் போயிடும். திருகுகள்ளி வெக்கச் சொல்லு."

சுவரோரத்திலிருந்து சித்தி சொன்னாள். "புள்ள வெளையாடற எடம் பாப்பா. கள்ளிப்பாலு தெறிச்சா கண்ணு போயிடும்."

நான் சொன்னேன்.

"அப்ப கத்தாழ."

"கத்தாழைக்கு அடியில பாம்பு அடையும்."

அதையும் சொன்னேன்.

"அப்ப மண்ணுல சொவரு வெக்கச் சொல்லு. மகாராணி கோட்ட கட்டட்டும்." அப்பா கயிற்றைத் தொடையில் உருட்டினார். "ஊருல எல்லாரும் என்னா போடறாங்க? முள்ளு. முள்ளு போட்டாப் போவுது."

"முள்ளு வருசா வருசம் மக்கும், மாத்திப் போடணும்னு சொல்லு பாப்பா. மாத்திப் போடறப்பல்லாம் நவுரும்னு சொல்லு."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா கயிற்றைக் கீழே வைத்தார்.

"யாரு நவுத்துவாங்கன்னு கேளு."

கேட்கத் தேவையில்லை.

சித்தி மணியக்காரரிடம் போனாள். அந்தக் காலத்தில் கிராமத்துக்கு அவர்தான் அரசாங்கம். வரி வசூலிலிருந்து வழக்குத் தீர்ப்பதுவரை எல்லாம் அவரே. நல்ல மனிதர், வயதானவர், யாரிடமும் கை நீட்டாதவர் என்று பெயர். கருங்குடையை ஊன்றிக்கொண்டு ஒரு முற்பகலில் எங்கள் காட்டுக்கு வந்து, கிணற்றடிப் புங்கமரத்து நிழலில் நின்றார். கூட நாலைந்து பங்காளிகள். கிணற்று மேட்டுக்குப் பின்னால் சித்தி, அவள் பக்கத்தில் நான். தம்பி வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கிளுவ நல்ல வேலிதானப்பா" என்றார் மணியக்காரர். "எங்கப்பாரு வெச்சது இன்னும் நிக்குது. நீ ஏன் வேணாங்கற?"

"நான் எங்கங்க வேணாம்னேன்?" என்றார் அப்பா. "கிளுவையே இருக்கட்டும். ஆனா அது வேர் புடிச்சு எந்திரிக்கறதுக்குள்ள ஊரு ஆடு வுட்டு வெக்குமா? இப்போதைக்கு முள்ளு போட்டு வெப்போம். உள்ள கிளுவ வளரட்டும். வளந்தப்பறம் முள்ளப் புடுங்கிப் போட்டாப் போவுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். சித்திகூடத் தலையாட்டினாள் என்று நினைவு. நியாயமான பேச்சு. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் நான் பார்த்த பெரிய அநியாயங்களில் முக்கால்வாசி இவ்வளவு நியாயமாகத்தான் ஆரம்பித்தன.

"அப்ப எங்கேருந்து போடறது?" என்றார் மணியக்காரர்.

அப்பா நடந்து போனார். கிணற்றைத் தாண்டி, நீரிறைக்கும் கமலை மாடு போகிற வாரியைத் தாண்டி, சித்தியின் மிளகாய்ச் செடிக்குள் போய் நின்று, காலால் மண்ணைக் கீறினார்.

"இங்கேருந்து."

என் தோளில் இருந்த சித்தியின் கை இறுகியது. "பாப்பா, உங்கப்பாருகிட்ட" என்று ஆரம்பித்தாள்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "ஏ புள்ள, மணியக்காரரு வெயில்ல வந்துருக்காரு. ஓடு, வூட்டுக்குப் போயி மோரு எடுத்தா" என்றார்.

நான் ஓடினேன். மணியக்காரருக்கு மோர் கொண்டுபோவது பத்து வயதுப் பெண்ணுக்குக் கௌரவம்.

அம்மா அடுப்படியில் மோரைச் சிலுப்பினாள். உப்புப் போட்டாள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள். கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு வரக் கொல்லைக்குப் போனாள். கிள்ளி வந்ததை ஒவ்வொரு இலையாகக் கழுவினாள். சீக்கிரம் தா என்று நான் அவசரப்படுத்தினேன். "போறவங்க போயிடமாட்டாங்க" என்றாள். அம்மாவுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

செம்போடு நான் திரும்பியபோது சித்தி கிணற்று மேட்டுக்குப் பின்னால் இல்லை. வெளியே வந்து, முக்காடு நழுவிய தலையோடு, அப்பாவுக்கு நேர் எதிரில் நின்றிருந்தாள். பங்காளிகள் தங்கள் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பங்காளி வீட்டுப் பெண்களிடம் கேட்டு வந்து அன்று மாலை அம்மா என்னிடம் சொன்னாள். "அது நீங்க கால் வெச்ச எடம். உங்க தம்பி கால் வெச்ச எடம் அந்தாண்ட இருக்கு." இவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை, ஒரு தப்பான வார்த்தை இல்லை. எந்த அளவையரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மணியக்காரர் குடையைத் தரையில் குத்தினார்.

"ஏம்மா, புருசன் செத்து வருசம் திரும்பல. மூத்தார் மூஞ்சியப் பாத்து நேருக்கு நேரா பேசற."

"ஐயா, கோடு" என்றாள் சித்தி.

"கோடு கெடக்கட்டும். இன்னிக்கி மூத்தார பேசுன, நாளைக்கி என்னைய பேசுவ. ஒரு அடக்கம் வேணாம்? சின்னஞ்சிறுசு, தனியா இருக்க, ஊரு நாலு சொல்லும்."

பங்காளிகளில் ஒருவர், "அதுக்குத்தான் வேலி வேணுங்குது போல" என்றார். ஒருவர் மட்டும் சிரித்தார்.

அதன் பிறகு மண்ணை யாரும் பார்க்கவில்லை. சித்தியின் வாயைப் பற்றித்தான் பேசினார்கள். அப்பாவுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. மிளகாய்ச் செடிக்குள் வைத்த காலை எடுக்காமல் நின்றார். கடைசியில் மணியக்காரர், "முள்ளையே போடுங்கப்பா. கிளுவையப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்" என்று வழக்கை முடித்தார். மோரை முழுசாகக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அப்பாவுக்கு நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு விசாரணை நடத்தும் அதிகாரிகளைப் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாட்சியைக் கையில் செம்போடு கௌரவமாக அனுப்பி வைத்தவரை வேறெங்கும் பார்த்ததில்லை. நான் போன பிறகு சித்திக்கு இரண்டே வழிகள்தான். வாயை மூடிக்கொண்டு கோட்டை இழப்பது, அல்லது வாயைத் திறந்து எல்லாவற்றையும் இழப்பது. வேறு வழி இருந்திருக்குமா என்று இந்த வயதிலும் யோசித்துப் பார்க்கிறேன். பேசாமல் போய் அந்த இடத்தில் நின்றிருக்கலாம். ஒரு கல்லை எடுத்து எறிந்து காட்டியிருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் எத்தனையோ வழி தெரிகிறது. அவளுக்குக் கண்ணெதிரில் ஒரு கால் தெரிந்தது.

மறுநாளே வண்டியில் முள் வந்தது. இலந்தையும் வேலமும். குழி தோண்டி முளை நட்டு, முள்ளைக் கவைக்கோலால் தள்ளி நெருக்கி, மேலே காலால் மிதிக்க முடியாததால் கல்லைப் போட்டு அழுத்தினார்கள். வெட்டின முள்ளின் பச்சை வாசம் ஒரு நாள்தான் இருந்தது. பிறகு இலையெல்லாம் சருகாகிக் காற்றில் சரசரத்தது. அப்பா நின்று வேலை வாங்கினார். கிணற்றைச் சுற்றியும் முள் போடச் சொன்னார். ஆடு விழுந்துவிடுமாம். சுற்றி வளைத்த முள்ளுக்கு ஒரே ஒரு படல். தூக்கி வைத்துத் திறக்கிற மூங்கில் தட்டி. அது எங்கள் பக்கம் இருந்தது.

"தண்ணி எடுக்க வேணாம்னு நான் சொல்லல" என்று அப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "படலு தெறந்துதான் கெடக்கு. யாரு வேணாலும் வரலாம்."

வரலாம்தான். அன்றைக்குச் சாயங்காலமே அப்பா தன் கயிற்றுக் கட்டிலை வாசலிலிருந்து எடுத்துப் புங்கமரத்தடியில், படலுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். சாப்பாடு அங்கேயே. தூக்கமும் அங்கேயே. மூத்தார் இருக்கும் இடத்தைக் கடந்து தம்பி மனைவி நடக்கக்கூடாது. ஒருமுறை நேராகப் பேசி ஊர்ச் சிரிப்புக்கு ஆளானவள் இன்னொரு முறை மீற முடியாது. சித்தி குடத்தோடு முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். கட்டில் இருக்கும். திரும்பிப் போவாள். பிறகு ஊர்க் கிணற்றுக்கு நடந்து போய் ஒரு குடம் கொண்டுவருவாள். ஒரு குடம் குடிக்கக் காணும். மிளகாய்க்குக் காணாது.

நான் ஒருநாள் எங்கள் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அப்பா கட்டிலில் படுத்தபடி, "எங்க போற?" என்றார். "சித்திக்கு" என்றேன். "அவளுக்குக் கை இல்லியா? வந்து எடுத்துக்கட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை. என் கையிலிருந்து குடத்தை வாங்கிப் புங்கமரத்தின் அடியில் ஊற்றினார்.

தம்பியை ஒருநாள் சின்னச் செம்போடு அனுப்பினாள். அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெல்லம் கொடுத்தார். அவர் அவனிடம் பிரியமாகத்தான் இருந்தார், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். செம்பு நிறைய தண்ணீர் கொடுத்து அனுப்பினார். பாதி வழியில் அவன் அதைக் கொட்டிவிட்டான்.

அந்தப் பங்குனியில் சித்தி கிளுவையை நட்டாள். தன் கோட்டில் நட முடியாது, அது இப்போது முள்ளுக்கு எங்கள் பக்கம். ஆகவே முள்ளை ஒட்டித் தன் பக்கம் நட்டாள். கடப்பாரையால் குழி போட்டு, கழியை இறக்கி, குதிகாலால் மண்ணை அணைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய்க் கழியைப் பிடித்துக்கொள்வேன். பேச்சு குறைந்துவிட்டது. ஒருமுறை மட்டும், "இங்கயாச்சும் நின்னா சரி பாப்பா. மீதியாச்சும் மீதி" என்றாள்.

சித்திரை பிறந்ததும் கழிகளின் கணுவில் பச்சைப் பொட்டு வந்தது. நாலே நாளில் இலையானது. சித்தி தம்பியைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்க நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். நான் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தி, "நெசமாவா?" என்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு சந்தோஷம் வந்து போனது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கழியில் மிச்சமிருக்கும் சாற்றைக் கொண்டு இலை வந்துவிடும், அதற்கு வேர் தேவையில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கோடை மழை அந்த வருடம் வரவில்லை. வரிசைக்குத் தினமும் இரண்டு குடம் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கலாம். இலைகள் மஞ்சளாகி, சுருண்டு, உதிர்ந்தன. ஒருநாள் சித்தி ஒரு கழியைப் பிடித்து லேசாக இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. அடியில் நட்டபோது வெட்டிய வெட்டு அப்படியே இருந்தது. அடுத்ததை இழுத்தாள். அதுவும் வந்தது. பிறகு நின்று எல்லாவற்றையும் பிடுங்கினாள். ஒன்றுகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. கழிகளைக் கட்டாகக் கட்டி அடுப்படியில் போட்டாள். நான் அழுதேன். அவள் அழுத மாதிரி நினைவில்லை.

ஆடி விதைப்புக்கு முன்னால் போய்விட்டாள். அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, தம்பி. புங்கமரத்தைத் தாண்டி எங்கள் வாசல் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். அப்பா கட்டிலில் இருந்தார். சித்தி அந்த வழியாக வரவில்லை. வெடித்துக் கிடந்த கரிசலில், அறுத்த கம்பந்தட்டை காலைக் கிழிக்க, தெற்கே சுற்றிக்கொண்டு போனாள். தம்பி மாமாவின் தோளில் உட்கார்ந்து எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனான்.

"நானா போகச் சொன்னேன்?" என்றார் அப்பா. அவரிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வருடம் வேலியைப் புதுப்பிக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லாதபோது வேலி எதற்கு? காய்ந்த முள் நன்றாக எரியும். அம்மா தினமும் கவைக்கோலால் ஒரு கொத்து இழுத்து வந்து வெட்டி அடுப்பில் வைப்பாள். முள் படபடவென்று வெடித்து எரியும். இலந்தை முள்ளின் நெருப்பில் சோறு சீக்கிரம் வேகும். மழைக்காலம் வருவதற்குள் சித்தியின் எல்லை முழுவதையும் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டு முடித்தோம். அதன் பிறகு ஒரே காடு, ஒரே உழவு. ஆவணத்தில் எப்போதும் ஒரே எண்தான். பட்டா அப்பாவின் பெயருக்கு வந்தது, பிறகு அண்ணன் பெயருக்கு. எல்லாம் முறைப்படி. ஒரு கையெழுத்துக்கூட ஒழுங்கு தவறியதில்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் என் வீட்டு வாசலில் ஒரு லாரி நின்றது. இறங்கி வந்தவனுக்கு மீசை நரைத்திருந்தது. காக்கிச் சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். ரெட்டிபாளையம் பக்கம் கல் லாரி ஓட்டுவதாகச் சொன்னான். தம்பி என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது. சித்தி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்ப வேண்டிய உறவையா நாங்கள் வைத்திருந்தோம்?

"சாம்பல கொள்ளிடத்துல கரைச்சாச்சுக்கா. ஒரு பிடி மட்டும் நிறுத்தி வெச்சிருக்கேன். அம்மாதான் நம்ம பங்குல போடச் சொன்னாங்க. வேற ஒன்னும் வேணாம், பெரியண்ணன்கிட்ட நான் எதுவும் கேக்க வரல. எடத்த மட்டும் காட்டுங்க, போட்டுட்டுப் போயிடறேன்."

அவனுடைய லாரியிலேயே போனோம். அண்ணன் அந்த நிலத்தைச் சிமெண்ட் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கொடுக்கப் பேசி முடித்திருந்தான். அதற்குப் பல வருடம் முன்னாலேயே புல்டோசர் விட்டுச் சமப்படுத்தியிருந்தான். கிணறு இடிந்து விழுந்ததும் அதைத் தூர்த்து அதன்மேல் உழுதிருந்தான். புங்கமரம் இல்லை. இரண்டு வீடுகளும் இல்லை. மக்காச்சோளம் அறுத்த தட்டை ஒரே மட்டமாக இருந்தது.

கையோடு புல வரைபடத்தின் நகலைக் கொண்டுபோயிருந்தேன். நான்கு புறமும் எல்லைக்கல், நடுவில் ஒன்றுமில்லை. வடக்கிலிருந்து நடந்து பார்த்தேன். பாதி என்றால் இங்கே என்று நின்றேன். ஆனால் கிணறு சரியாக நடுவில் இருந்ததா, கொஞ்சம் தள்ளி இருந்ததா? வடக்கே அப்பா பிற்பாடு வாங்கிச் சேர்த்த துண்டு இதற்குள்தான் இருக்கிறதா? பத்தடி தெற்கே போனேன். மறுபடி வடக்கே வந்தேன். எங்கே நின்றாலும் மண் ஒரே கறுப்பாக இருந்தது. தம்பி வரப்போரத்தில் நின்றான். ஒரு வெள்ளைத் துணி முடிச்சு அவன் உள்ளங்கையில் இருந்தது.

"கம்பெனிக்காரங்க வந்து அளப்பாங்கல்ல, அப்ப தெரியுமாக்கா?"

"இருக்கற கோட்டத்தான் அளப்பாங்க தம்பி."

"தோராயமாச் சொல்லுங்க. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

ஏதாவது ஓர் இடத்தைக் காட்டியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். உத்தியோகத்தில் எத்தனையோ பேருக்கு உத்தேசமாகக் கையைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குக் கை எழவில்லை.

"தெரியலடா" என்றேன்.

அவன் நிலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும்" என்றான். "ஏறுங்க, வூட்ல வுட்டுட்டுப் போறேன். எனக்கு லோடு இருக்கு."